மாதாவுக்குக் குனியுங்க, மோனேவுக்குப் பின்னாடி போங்க

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி, இங்கே எழுத்தில் தருகிறோம்.)

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஆபீஸ் வேலையா லண்டன் போறாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஃப்ரீ. "நேஷனல் கேலரிக்குப் போகணும்னு ஆசை. ஆனா உள்ள நுழைஞ்சா எங்க பார்த்தாலும் சாமி படம்தான்னு சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் புரியாது. நேரா மோனே, வான்கோ இருக்கிற ரூமுக்குப் போயிடலாமா?"

போகலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. டிராஃபல்கர் சதுக்கத்துலயே இருக்கு, உள்ள போக டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. ஆனா அந்தக் கேள்விக்குள்ள ரெண்டு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு பாருங்க. சாமி படத்தைப் பார்க்க நிறைய படிச்சிருக்கணும்ங்கிறது ஒண்ணு. மோனேவைப் பார்க்க எதுவுமே தெரிய வேண்டாம், அழகா இருக்கும், பார்த்தா போதும்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டும் பாதிதான் சரின்னு எனக்குத் தோணுது. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல் தடவை நான் அங்க போனப்போ ரொம்ப மோசமாத்தான் பார்த்தேன். அங்க இருக்கிறது 2,300-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடையில மாடி மாடியா ஏறி இறங்குற மாதிரி ரூம் ரூமா ஓடினேன். வெளிய வந்தப்போ கால் வலி, போன்ல நூத்துக்கணக்குல போட்டோ, மனசுல ஒண்ணுமே இல்லை. ரெண்டாவது தடவை அம்மாவோட போனேன். அம்மாவுக்கு முட்டி வலி, ஓட முடியாது. அதனால மொத்தமே ஆறு படம்தான் பார்த்தோம். அந்த ஆறும் இன்னும் ஞாபகம் இருக்கு.

ரம்பம் போட்ட படம்

முதல்ல நின்னது டூச்சியோவோட மூணு சின்னப் பலகைகள் முன்னாடி. இதோட கதை தெரிஞ்சா அருங்காட்சியகத்துல சாமி படங்களோட பிரச்சனையே புரிஞ்சிடும்.

இத்தாலியில சியெனான்னு ஒரு ஊர். அந்த ஊர்ப் பேராலயத்துக்காக டூச்சியோ ஒரு மாபெரும் பலிபீட ஓவியம் செய்தார். அதன் பெயர் மயெஸ்தா. முன்பக்கம் அரியணையில் மாதா, பின்பக்கம் இயேசுவின் வாழ்க்கை, அடியில் வரிசையாகக் குட்டிக் காட்சிகள். 1311-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி, அதை ஓவியரின் பட்டறையிலிருந்து கோயிலுக்கு ஊர்வலமாக எடுத்துப்போனார்கள். கடைகளை எல்லாம் அடைத்துவிட்டு ஊரே பின்னால் நடந்தது. இதைக் கேட்டா நமக்கு ஒண்ணும் புதுசா இருக்காது. நம்ம ஊர் தேர்த் திருவிழாதான்.

ஆனால் 1771-ல் அதே ஊர்க்காரர்கள் அதைப் பிரித்து, ரம்பத்தால் அறுத்தார்கள். துண்டுகள் சிதறின. பெரும்பகுதி இன்னும் சியெனாவில்தான் இருக்கிறது. அடியில் இருந்த குட்டிக் காட்சிகளில் மூன்று லண்டனுக்கு வந்து சேர்ந்தன.

அப்போ நாம பார்க்கிறது என்ன? ஒரு பெரிய பொருளோட ஓரத்துத் துண்டு. பூ, மெழுகுவர்த்தி, பாட்டு, சாம்பிராணி எல்லாம் போயிடுச்சு. எழும்பூர் அருங்காட்சியகத்துல வெண்கல உற்சவ மூர்த்திகளைப் பார்த்திருப்பீங்க. பீடத்துல ஓட்டை இருக்கும். கழி செருகித் தோள்ல தூக்கிட்டுப் போறதுக்கான ஓட்டை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, பட்டும் மாலையும் இல்லாம நிக்கிற அந்த மூர்த்தியைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரர் "உலோக வேலை அபாரம்"னு சொல்லிட்டு நகர்ந்தா நமக்கு எப்படி இருக்கும்? அவர் சொன்னது தப்பில்லை. ஆனா என்னவோ விட்டுப்போச்சுன்னு தோணும். ஐரோப்பிய சாமி படங்கள் முன்னாடி நாம அந்த வெளிநாட்டுக்காரர் நிலைமையில இருக்கோம்.

"படத்துக்குத் தெரியாதே"

மூணு பலகையில ஒண்ணு, கபிரியேல் தூதர் மாதாகிட்ட வந்து குழந்தை பிறக்கப்போற செய்தியைச் சொல்ற காட்சி. அம்மா படிச்சது கன்னியாஸ்திரிகள் நடத்தின பள்ளிக்கூடத்துல. நாங்க இந்துக்கள்தான். ஆனா பார்த்த உடனே "இது மங்கள வார்த்தை"ன்னு சொன்னாங்க. தூதர்னு கூட சொல்லலை, அந்தக் காலத்துச் சொல்லா "சம்மனசு"ன்னாங்க. அப்புறம் கையைக் கூப்பி, பள்ளிக்கூடத்துல சொன்ன ஜெபத்தை முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டாங்க. கண்ணு மூடியிருக்கு. பக்கத்துல ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க.

எனக்கு ஒரே கூச்சம். "அம்மா, இது மியூசியம்மா"ன்னு காதுல சொன்னேன்.

"எனக்குத் தெரியும்டி. அந்தப் படத்துக்குத் தெரியாதே"ன்னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அந்த ரூம்ல அந்தப் படத்தை அது செய்யப்பட்ட காரணத்துக்காகப் பார்த்த ஒரே ஆள் அவங்கதான். நான் சுவத்துல இருக்கிற குறிப்பைப் படிச்சிட்டிருந்தேன்.

நீங்க கும்பிடணும்னு சொல்லவரலை. நம்பிக்கை இருக்கிறவங்க கும்பிடட்டும், இல்லாதவங்க விடட்டும். நான் சொல்றது உடம்பைப் பத்தி. எந்தப் படமும் பார்க்கிறவர் இங்க நிப்பார், இப்படி நிப்பார், இவ்வளவு நேரம் நிப்பார்னு ஒரு கணக்கு போட்டுத்தான் செய்யப்பட்டிருக்கு. அருங்காட்சியகம் எல்லாத்தையும் ஒரே வெளிச்சத்துல, ஒரே கண் மட்டத்துல மாட்டிடுது. அதனால நாமளும் எல்லாத்தையும் ஒரே மாதிரி, பத்துப் பத்து வினாடி பார்த்துட்டுப் போயிடறோம்.

அந்த மூணுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பிறவிக் குருடரை இயேசு குணமாக்குற காட்சி. ஒன்றரை அடிச் சதுரம்தான் இருக்கும். அதில் அந்தக் குருடர் இரண்டு தடவை இருக்கிறார். நடுவில், இயேசு விரலால் அவர் கண்ணைத் தொடுகிறார். வலது ஓரத்தில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், அதே ஆள் கோலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து மேலே பார்க்கிறார். நம்ம கோயில் சுவரோவியங்களிலும் ஒரே ஆள் ஒரே சட்டத்துக்குள்ள நாலு தடவை வருவார், அது மாதிரிதான். சரி, அவர் எதைப் பார்க்கிறார்? இந்தப் பலகைக்குள்ள பார்த்தா வெறும் தங்கம்தான். ஆனால் மயெஸ்தாவில் இதற்கு அடுத்து இருந்த காட்சி, இயேசு மலைமேல் ஒளிமயமாக உருமாறும் காட்சி. அதுவும் அந்த மூணுல ஒண்ணு. பார்வை வந்த மனுஷன் முதல்ல பார்க்கிறது அந்த ஒளியைத்தான். ரம்பம் நடுவுல புகுந்ததால அந்தப் பார்வை காத்துல தொங்குது. நாம அந்த ரெண்டு பலகையையும் மனசுல ஒட்டவச்சுப் பார்க்கணும்.

இன்னொரு விஷயம், நிறைய பேர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குறது: ஏன் இந்தப் பழைய படங்கள்ல முகம் எல்லாம் பச்சையா இருக்கு? உடம்பு சரியில்லாத மாதிரி? காரணம் இதுதான். அந்தக் காலத்தில் முட்டையின் மஞ்சள் கருவில் நிறத்தூளைக் குழைத்து வரைந்தார்கள். தோலுக்கு முதலில் பச்சை மண் நிறத்தை அடியில் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை மெல்லிய கோடு கோடாக இழுப்பார்கள். அடியில் பச்சை இருந்தால் மேலே சிவப்பு உயிரோடு தெரியும். எழுநூறு வருஷத்துல மேல இருந்த சிவப்பு தேய்ஞ்சுபோச்சு, அடிப்பச்சை எட்டிப் பார்க்குது. தங்கத்துலயும் இதே கதைதான். தங்க இலை ஒட்டுறதுக்கு முன்னாடி செங்களிமண் பூசுவாங்க. தங்கம் தேய்ஞ்ச இடத்துல அந்தச் சிவப்பு தெரியும்.

குனிஞ்சு பார்க்க வேண்டிய ராஜா

அடுத்தது வில்டன் டிப்டிக். 1395-லிருந்து 1399-க்குள் செய்தது, வரைந்தவர் யாரென்று தெரியாது. இரண்டு ஓக் பலகைகள், நடுவில் கீல், புத்தகம் போல மூடலாம். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்ட், போகிற இடமெல்லாம் எடுத்துப்போய்ப் பிரித்துவைத்து ஜெபிப்பதற்கான கையடக்கப் பலிபீடம். இடப்பக்கம் ரிச்சர்ட் முட்டி போட்டிருக்கிறார். வலப்பக்கம் மாதாவும் குழந்தையும், சுற்றி பதினொரு சம்மனசுகள். வேடிக்கை என்னன்னா, பதினொரு பேருமே ரிச்சர்டோட சொந்தச் சின்னமான வெள்ளை மானை பேட்ஜா நெஞ்சுல குத்தியிருக்காங்க. மோட்சத்துலயே கட்சிக்காரங்க! மூணு வருஷமாவது நல்லா ஓடியிருக்கும்னு நினைச்சிருப்பார் பாவம். 1399-ல அரியணையை விட்டு இறக்கிட்டாங்க.

அந்த நீலத்தைப் பார்க்கணும். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்துச் செய்த நீலம். ஐரோப்பாவுக்கு அது கடல் தாண்டி வந்தது. சில ஒப்பந்தங்களில் எந்தத் தரத்து நீலம் என்று விலையோடு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். 1485-ல் ஃபுளோரன்ஸில் கிர்லாந்தாயோ என்ற ஓவியரின் ஒப்பந்தத்தில், அவுன்ஸுக்கு நாலு ஃபுளோரின் மதிப்புள்ள நீலம் என்றே இருக்கிறது. மாதாவுக்கு நீலப் புடவை கட்டறதுங்கிறது அப்போ பட்டுச் சாத்துற மாதிரி ஒரு காணிக்கை.

இப்போ ஒரு சின்னப் பரிசோதனை. நேரா நின்னு பார்த்தா தங்கம் தட்டையா, கிஃப்ட் பேப்பர் மாதிரி இருக்கும். கொஞ்சம் முட்டியை மடக்கிக் குனிஞ்சு, மெதுவா நிமிருங்க. தங்கத்துல ஊசி முனையால குத்தின ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒவ்வொண்ணா மின்னும். குழந்தையோட தலைக்குப் பின்னாடி இருக்கிற ஒளிவட்டத்துக்குள்ள முள்முடியும் ஆணிகளும் அப்பத்தான் தெரியும். பச்சைக் குழந்தை, ஆனா முடிவு ஏற்கனவே தலைக்குப் பின்னாடி எழுதியிருக்கு. மெழுகுவர்த்தி ஆட ஆட, முட்டி போட்டவர் கண்ணுக்கு அது தெரிஞ்சு மறைஞ்சிருக்கும். நமக்கு மெழுகுவர்த்தி இல்லை, அதனால நாமதான் ஆடணும். காவலர் பார்த்துச் சிரிச்சார். பரவாயில்லை.

யார் யார்னு அடையாளம் தெரியலைன்னு கவலைப்படாதீங்க. வேல் இருந்தா முருகன், புல்லாங்குழல் இருந்தா கிருஷ்ணர்னு நமக்கு யாரும் பாடம் எடுக்கலையே. அதே மாதிரி சாவி வச்சிருந்தா பேதுரு, உடைஞ்ச சக்கரம் இருந்தா கத்தரீன், பக்கத்துல சிங்கம் படுத்திருந்தா ஜெரோம். இந்த மூணு போதும், மிச்சம் போகப்போகத் தெரிஞ்சிடும்.

மணல் ஒட்டின படம்

இங்கிருந்து மோனேவுக்குப் போறது நானூறு, ஐந்நூறு வருஷத் தாவல். அதுக்கு நடுவுல என்ன மாறிச்சுன்னு ஒரு வரி சொல்லிடறேன். 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஓவியங்களுக்கு ஒரு சாதி அடுக்கு இருந்தது. மேலே மத, புராண, வரலாற்றுக் காட்சிகள். கீழே நிலக்காட்சி, அதற்கும் கீழே பழம், பாத்திரம். பெரிய அரசுக் கண்காட்சியான சலோனில் பெயர் வாங்க மேல்தட்டு விஷயம் வரைவதே வழி. மோனே, பிஸ்ஸாரோ, ரெனுவார் எல்லோரும் அந்த அடுக்கின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, இதுவே போதும் என்றார்கள். 1874-ல் நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தனியாகக் கண்காட்சி வைத்தார்கள். நாடார்னதும் நம்ம ஊர் ஆள்னு நினைச்சிடாதீங்க, அது அவரோட புனைபெயர். ஒரு விமர்சகர் கிண்டலாகப் போட்ட 'இம்ப்ரஷனிஸ்ட்' என்ற பட்டமே நிலைத்துவிட்டது.

கேலரியில மோனேவோட 'த்ரூவில் கடற்கரை'ன்னு ஒரு சின்னப் படம் இருக்கு. 1870-ல வரைஞ்சது. அளவு பார்த்தா கிட்டத்தட்ட அந்த டூச்சியோ பலகை அளவுதான். ரெண்டு பெண்கள் கடற்கரை நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. இடது பக்கம் வெள்ளை உடுப்புல இருக்கிறது அவரோட மனைவி கமீல். கல்யாணம் ஆகி சில வாரம்தான். முகத்துல கண்ணு மூக்கு ஒழுங்கா கிடையாது, நாலு தீற்றல்தான்.

இந்தப் படத்தின் பெயின்ட்டை வல்லுநர்கள் உருப்பெருக்கிப் பார்த்தபோது, உள்ளே மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் இருந்தன. காத்து அடிச்சு, ஈரப் பெயின்ட்ல ஒட்டினது. கடற்கரையை நினைச்சு ஸ்டூடியோவுக்குள்ள வரைஞ்சதில்லை, அங்கயே உட்கார்ந்து வரைஞ்சதுன்னு அந்த மணலே சாட்சி சொல்லுது.

இப்படி வெளியே போய் வரைவது சுலபமானதற்கு ஒரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், கசக்கிப் பிழியும் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் குழைத்த நிறத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். ஒரு தடவை குத்தித் திறந்துவிட்டால் காய்ந்துவிடும், ஒழுகும். பையில போட்டுட்டு கடற்கரைக்குப் போக முடியாது.

சரி, இதை எப்படிப் பார்க்கிறது? டூச்சியோகிட்ட கிட்டப் போனா புதுசு புதுசா ஏதாவது கிடைச்சிட்டே இருந்தது. இங்க கிட்டப் போனா படம் கலைஞ்சிடும். அம்மா மூக்கு இடிக்கிற தூரத்துல போய் நின்னு, "என்ன இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்புறம் முட்டி வலிக்குதுன்னு பின்னாடி இருந்த பெஞ்ச்ல போய் உட்கார்ந்தாங்க. உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துட்டு, "ஏய், நல்லா காத்து அடிக்குதுடி அங்க"ன்னாங்க.

அவ்வளவுதான் முறை. கிட்டப் போங்க, தீற்றல்களைப் பாருங்க. ஒவ்வொரு அடியா பின்னாடி வாங்க. ஒரு இடத்துல தீற்றல் துணியா மாறும், மேகமா மாறும். அந்த இடம் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. பக்கத்துல தனித்தனியா வச்ச நிறங்களை நம்ம கண்ணுதான் சேர்த்துக்குது. அதனால பாதி வேலை நம்மோடது. கதை தெரிய வேண்டாம்ங்கிறது உண்மைதான், ஆனா சும்மா நின்னா போதும்ங்கிறது உண்மையில்லை.

பிஸ்ஸாரோவின் 'இரவில் மோன்மார்த்ர் பூல்வார்' படத்துல இது இன்னும் நல்லா வேலை செய்யும். 1897-ல், பாரிஸில் ஒரு ஹோட்டல் அறை ஜன்னலிலிருந்து அதே தெருவைப் பதினான்கு தடவை வரைந்தார். அதில் இரவுக் காட்சி இது ஒன்றுதான். நடுவில் புதிதாக வந்த மின்விளக்குகளின் குளிர்ந்த வெள்ளை, ஓரத்தில் கடைகளின் கேஸ் விளக்கு மஞ்சள், தரை ஈரத்தில் எல்லாம் கலங்கிக் கிடக்கும். அவர் இருந்தவரை இதைக் கையெழுத்துப் போட்டுக் காட்சிக்கு வைக்கவே இல்லை. மழை நின்ன ராத்திரி தி.நகர்ல ஆட்டோவுக்குள்ள இருந்து பார்த்திருந்தீங்கன்னா உங்களுக்கு வேற விளக்கமே தேவையில்லை. எனக்கு ரெனுவார் அவ்வளவா ஒட்டலை, வான்கோவோட சூரியகாந்தி முன்னாடி எப்பவும் செல்ஃபி கூட்டம். இந்தப் படத்துக்கு முன்னாடி பல நேரம் யாருமே இருக்க மாட்டாங்க.

வெளிய வந்து பார்க்க வேண்டியது

ரெண்டு மணி நேரம்தான் இருக்குன்னு கேட்ட நேயருக்கு: அந்த மூணு டூச்சியோ, வில்டன் டிப்டிக், த்ரூவில், பிஸ்ஸாரோ. சாமி படங்களுக்கு ஒரு மணி நேரம், மிச்சம் மத்ததுக்கு. நடுவுல காபி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரம் கிடைச்சா இன்னும் நல்லது, ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும்.

நேரம் மிச்சமிருந்தா இன்னும் ஒண்ணு. த்ரூவில் கடற்கரையை வரைந்த அதே கோடையில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் தொடங்கியது. மோனே குடும்பத்தோடு லண்டனுக்குத் தப்பி வந்தார். பிஸ்ஸாரோவும் வந்தார். இரண்டு அகதிகளும் இங்குள்ள அருங்காட்சியகங்களில் டர்னரையும் கான்ஸ்டபிளையும் பார்த்தார்கள். 1871 வாக்கில் மோனே வரைந்த 'வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கீழே தேம்ஸ்' இந்தக் கேலரியில்தான் இருக்கிறது. மூடுபனி, பின்னால் சாம்பல் நிழலாக நாடாளுமன்றம், முன்னால் ஆற்றுக்குள் நீளும் ஒரு மர மேடை, அதில் வேலையாட்கள். பார்த்தா ஏதோ பழங்கால லண்டன்னு தோணும். ஆனா அவர் நின்னப்போ அதெல்லாம் புத்தம் புதுசு. தீயில் எரிந்த நாடாளுமன்றத்தை மறுபடி கட்டி முடித்தது 1870-ல். பாலம் 1862. ஆற்றங்கரைச் சாலையும் 1870-தான். நம்ம ஊர்ல மெட்ரோ தூண்களை யாராவது உட்கார்ந்து வரைஞ்சா எப்படி இருக்கும், அப்படி.

அங்கிருந்து ஆறு நடக்கிற தூரம்தான். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா போனோம். பனி இல்லை, நல்ல வெயில். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"அந்த மர மேடை எங்கடி?"ன்னு கேட்டாங்க.

நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சும்மான்னேன்.

"அப்போ வேலை முடிஞ்சிருக்கும்"னாங்க.